நாங்க என்று சொல்லாதவர்

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பஸ் இரண்டு இடத்தில் நிற்கும். ஊர் ஒன்றும் பெரிய ஊர் இல்லை. குன்றாண்டார்கோவிலுக்கு முன்னால், கண்மாய்க்குக் கீழே மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே தெரு. மேலத்தெருக்காரர்கள் ஏறி இறங்க வேலமரத்தடி. கீழத்தெருக்காரர்களுக்குப் புளியமரத்தடி. இங்கே இருமினால் அங்கே கேட்கும். அப்படியும் இவர்கள் அங்கே ஏறமாட்டார்கள், அவர்கள் இங்கே இறங்கமாட்டார்கள். யுத்தம் முடிந்தும் பெட்ரோலுக்குப் பஞ்சம். பஸ் கரி வாயுவில் ஓடியது. ஒரு தடவை நின்றால் மறுபடி கிளம்ப அரை உயிர் போகும். எங்கள் ஊருக்கென்றே டிரைவர் ஒரு வசவு வைத்திருந்தார். இரண்டு தெருவுக்கும் பொதுவான வசவு. எழுத்தில் போட முடியாது. அந்த பஸ்ஸில் கண்டக்டர் நான். நான் கீழத்தெரு.

ஒருநாள் மத்தியானம் புதுக்கோட்டையிலிருந்து வரும்போது பின் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, கறுப்பு டிரங்குப் பெட்டி, வெயிலில் வெந்த முகம். டிக்கெட் கிழிக்கும்போதே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பட்டாளத்துக்குப் போய்ப் பல வருஷமான மேலத்தெருக்காரர். எனக்குச் சித்தப்பா முறை. இரண்டு தெருவுமே ஒரு வகையறா, பங்காளிகள். அவருடைய தம்பியை என் அண்ணன் கம்பால் அடித்துக் கொன்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. டிக்கெட் கோணலாகக் கிழிந்தது.

புளியமரத்தடியில் பஸ் நின்றது. அவர் எழுந்தார்.

"சித்தப்பா, வேலமரத்தடி அடுத்தாப்புல வருது, உக்காருங்க" என்றேன்.

"ஊருதான் வந்துருச்சேப்பா. நாம எறங்கிக்கிடுவோம்" என்று பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்.

நாம! நான் எங்கே இறங்கினேன்? எனக்குக் குன்றாண்டார்கோவில் வரை டியூட்டி. அவர் பேச்சே அப்படித்தான் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் பெயரைச் சொன்னால் வீடு தெரியும், வீடு தெரிந்தால் தெரு தெரியும். தெருவை வைத்து ஆளை எடை போடுவது அவருக்கு அறவே பிடிக்காத விஷயம். ஊருக்கு அவர் பட்டாளத்தார், எனக்குச் சித்தப்பா. அது போதும்.

சண்டை எதனால் வந்தது என்று கேட்டால் இன்றைக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அய்யனாருக்குப் புரவியெடுப்பு. மண்குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரே கோயிலுக்குப் போகும். முன்னால் போகிற குதிரை எந்தத் தெருவுடையது? இதுதான் கேள்வி. முதலில் வாய்ச்சண்டை, பிறகு மண்டை உடைந்தது, கடைசியில் கொலை விழுந்தது. உலகமே ஒரு யுத்தத்தில் பற்றி எரிந்துகொண்டிருந்த சமயம் அது. எங்கள் ஊரில் எவனும் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. எங்களுக்கு எங்கள் யுத்தமே பெரிதாக இருந்தது. செத்தவரும் கொன்றவனும் கண்மாயில் ஒன்றாக நீந்தப் பழகியவர்கள். முறைக்குத்தான் சித்தப்பனும் மகனும், வயசு ஒன்றுதான்.

வழக்கு புதுக்கோட்டைக் கோர்ட்டில் நடந்தது. மேலத்தெருச் சாட்சிகள் ஆளாளுக்கு ஒரு பொய்யைச் சேர்த்துச் சொன்னதில் உண்மையும் எடுபடாமல் போய்விட்டது. அண்ணனை விட்டுவிட்டார்கள். கோர்ட் விட்டால் மேலத்தெரு விடுமா? அண்ணன் ஊர்ப்பக்கமே தலைகாட்டாமல் கட்டுமாவடிக்குப் போய், ஒரு கருவாட்டு வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தான். அது அப்போது புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு வெளியே, வெள்ளைக்காரன் சீமையில் இருந்தது. "பட்டாளத்தான் வரட்டும், அவன் கையால முடியட்டும்" என்று மேலத்தெரு காத்திருந்தது. அதே ஆள் வந்துவிடக் கூடாதே என்று என் அம்மா வேண்டாத சாமி இல்லை. பெற்ற பிள்ளை உயிரோடு ஊருக்குள் கால் வைப்பானா மாட்டானா, அது ஒன்றுதான் அவளுக்குக் கவலை.

அந்த ஆள்தான் டிரங்குப் பெட்டியோடு கீழத்தெருவுக்குள் நடந்து வந்தார். பார்த்தவர்கள் கதவை அடைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்து, "அண்ணி, குடிக்கத் தண்ணி குடுங்க" என்றாராம். இதெல்லாம் அம்மா சொல்லி நான் கேட்டது. அம்மா செம்பை நீட்டினாள். முழுக்கக் குடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பிக்கு நாம தீட்டுக் காத்தமா அண்ணி?"

பங்காளி வகையில் ஒருவர் செத்தால் வகையறா முழுக்கத் தீட்டு. அந்தச் சாவுக்கு மேலத்தெரு, "கீழத்தெருவான் எவனும் தீட்டுக் காக்க வேணாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தது. கீழத்தெருவும், "நாங்களும் காக்கிறதா இல்லை" என்று பதில் சொல்லிவிட்டது. தீட்டு அறுந்தால் உறவே அறுந்தது என்றுதான் கணக்கு. அதைத்தான் அவர் கேட்டார்.

"பதினாறு முடியிற மட்டும் இந்த வீட்டுல தாளிக்கலைங்க தம்பி. வாசல்ல கோலம் போடலை. வெளியில தெரியாமக் காத்தேன்" என்றாள் அம்மா.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலத்தெருவுக்குப் போனார். அம்மா அன்றைக்கு அழுத அழுகையை அண்ணன் ஜெயிலுக்குப் போன அன்றுகூட அழவில்லை.

தமிழில் நமக்கு இரண்டு சொல் இருக்கிறது. கேட்கிறவனையும் சேர்த்துக்கொண்டால் நாம, அவனை வெளியே நிறுத்தினால் நாங்க. குழந்தைகூட இதில் தவறாது. சித்தப்பா மட்டும் எல்லாவற்றுக்கும் நாம என்பார். "இந்துஸ்தானியில ரெண்டுக்கும் ஒரே சொல்லுதானாம், ஹம்முன்னு. அதைப் பேசிப் பேசி மனுசனுக்கு நாக்கு கெட்டுப்போச்சு" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன்.

அதனால் வந்த கூத்துக்குக் குறைவில்லை. ஒரு தடவை தகராறு ஒன்றை விசாரிக்கப் போலீஸ் வந்தது. ஏட்டையா மிரட்டுகிற குரலில், "யாரு யாரய்யா கல்லெறிஞ்சது?" என்றார்.

"நாமதாங்க எறிஞ்சோம்" என்றார் சித்தப்பா.

"யோவ், என்னையும் அதுல சேக்குறியா?"

"ஏட்டையா வந்து தடுத்திருக்கலாம்ல, வரலையே. அப்ப நாமதானே?"

ஏட்டையாவுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டு தெருவிலும் இரண்டிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இன்னொரு தடவை குன்றாண்டார்கோவில் சந்தையில் கூட்டம். ராஜா ஆட்சியில் ஜனங்களுக்கும் பொறுப்பு வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த சமயம். சித்தப்பாவும் கதர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "துப்பாக்கி புடிச்சுப் பாத்தாச்சு, ஒண்ணும் வெளங்கலை. பேசியாவது பாப்போம்" என்பார். அவருக்கு மேடைப்பேச்சு சுத்தமாக வராது. மற்றவர்கள் எல்லாம் திவானைத் திட்டினார்கள், பதுக்கல்காரனைத் திட்டினார்கள், கூட்டம் கைதட்டியது. இவர் எழுந்தார். "நாம அரிசியைப் பதுக்குறோம். நாம கள்ள மார்க்கெட்டுல விக்கிறோம். கிளார்க்குக்கு நாம கை நீட்டி லஞ்சம் குடுக்குறோம், அப்பறம் நாமளே அவனை வையுறோம்" என்று அடுக்கினார். முன்வரிசையில் இருந்த மண்டிக்காரர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்கு அப்புறம் யாரும் கைதட்டவில்லை. என்ன மனுஷன் இவர், ஜெயிக்கத் தெரியாத ஆள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அன்று ராத்திரி சாப்பிடும்போது அவர் பேசியதுதான் ஞாபகத்தில் இருந்தது, மற்ற எவன் பேசியதும் இல்லை.

அவர் கோபமே இல்லாத சாந்தசொரூபி என்று நினைத்துவிட வேண்டாம். காலை வேளையில் வேப்பமரத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டு முகச்சவரம் செய்துகொள்வார். அந்த நேரத்தில் யாராவது குறுக்கே பேசினால் வாயில் வருவது எல்லாம் இந்துஸ்தானி, ஒன்றும் நல்ல வார்த்தையாக இருக்காது. டீயில் சர்க்கரை குறைந்தால் கிளாஸைக் கவிழ்த்துவிட்டுப் போவார். ஒரு கல்யாணத்தில் அதிர்வேட்டுப் போட்டார்கள். சித்தப்பா சட்டென்று தரையோடு தரையாகப் படுத்துவிட்டார். புதுவேட்டியெல்லாம் சேறு. எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு, "என்னப்பா, நாம பயந்துட்டம்ல?" என்றார். பயந்தது அவர் ஒருவர்தான். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

மேலத்தெரு இளவட்டங்கள் அவரை விடவில்லை. நாட்டுத் துப்பாக்கி ஒன்று அவர்களிடம் இருந்தது. "சுடுறதுக்குப் பழக்கி மட்டும் விடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்றார்களாம். "யாரை?" என்று கேட்டிருக்கிறார். "கீழத்தெருவானைத்தான்." "அப்ப நம்மளையே சுட நானே பழக்கிவிடணுமா?" என்று துப்பாக்கியை வாங்கி, மறுநாளே கொண்டுபோய்த் தாசில்தார் கச்சேரியில் ஒப்படைத்துவிட்டார். அதிலிருந்து சொந்தத் தெருவில் பாதிப்பேர் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் ஊருக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. கீழத்தெருவில் அம்பலம் நின்றார். அம்பலம் என்றால் தெருவுக்குப் பெரியதனம் பார்க்கிறவர். எனக்குப் பெரியப்பா முறை, நிலபுலன் உள்ள மனிதர். எதிர்த்து நின்றது சித்தப்பா. ஓட்டு என்றால் இப்போது போலப் பெட்டி கிடையாது. சர்க்கார் ஆள் வந்து நிற்பார், ஊர் பார்க்கக் கையைத் தூக்க வேண்டும்.

தேர்தலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது சித்தப்பா என் பஸ்ஸில் ஏறினார். ஆள் இல்லாத நேரம் பார்த்து, "ஏப்பா, ஒங்க அண்ணன் இருக்குற எடத்துக்கு என்னையக் கூட்டிக்கிட்டுப் போறியா?" என்றார்.

"எதுக்குங்க சித்தப்பா?"

"அவனுக்கும் இந்த ஊருல ஓட்டு இருக்குல்ல. வந்து கையைத் தூக்கிட்டுப் போகட்டும்."

இதை எப்படி நம்புவது? பேச்சு எவ்வளவு இனித்தாலும் செத்தது அவருடைய கூடப்பிறந்த தம்பி. நான் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பில் எரிந்த விறகை வெளியே இழுத்துப் போட்டாள். பிறகு, "என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சவரு. கூட்டிக்கிட்டுப் போடா" என்றாள். சித்தப்பாவும் சும்மா கிளம்பிவிடவில்லை. தம்பி பெண்சாதியிடம் கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு அப்போது என்ன வயசு இருக்கும், என் வயசுதான். "கூட்டிக்கிட்டு வாங்க. ஆனா என் கண்ணுல மட்டும் படக் கூடாது" என்று சொன்னாளாம். அவள் வேண்டாம் என்றிருந்தால் வந்திருக்க மாட்டேன் என்று வழியில் என்னிடம் சொன்னார்.

அறந்தாங்கி வரை பஸ், அங்கிருந்து மாட்டு வண்டி. கட்டுமாவடி நெருங்கும்போதே கருவாட்டு வாடை வந்துவிட்டது. கரையில் பாய் பாயாக மீன் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீனை வகுந்து உப்பு அடைத்துக்கொண்டிருந்தான். ஆள் கறுத்துச் சிறுத்துப் போயிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பின்னால் வருகிறவரைப் பார்த்ததும் கத்தியோடு எழுந்து நின்றான்.

சித்தப்பா பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். கடற்காற்றில் அவர் வேட்டி படபடவென்று அடித்துக்கொண்டது. ஊரில் அம்மாவிடம் கேட்டது போலவே இங்கேயும் ஒரு கேள்விதான்.

"என் தம்பிக்குத் தீட்டுக் காத்தியாப்பா?"

அண்ணன் கத்தியைக் கீழே போட்டான். "ஜெயில்ல இருந்தேன் சித்தப்பா. முடிவெட்ட வந்தவர்கிட்டச் சொல்லித் தலையும் மீசையும் எடுத்துக்கிட்டேன். எதுக்குடான்னு வார்டன் கேட்டாரு. பங்காளி எறந்துட்டாகன்னேன். எப்படிடா எறந்தாகன்னாரு. நான் பதில் சொல்லலை."

சித்தப்பா அங்கே கிடந்த ஒரு கட்டையில் உட்கார்ந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, எங்கள் இருவருக்கும் பொதுவாக, பர்மாவில் நடந்த ஒன்றைச் சொன்னார். அவர் யுத்தத்தைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"ஒரு ஆத்துக்கு இங்கிட்டு நாம கெடக்கோம், அங்கிட்டு எதிரி. விடியுற நேரம், ஒரே மூடுபனி. அங்கிட்டுருந்து ஒருத்தன் கொசுவை வையுறான். நம்ம தமிழ்ல, அச்சு அசலா வையுறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மலேயாவுக்கு ரப்பர்ப் பால் எடுக்கப் போன நம்ம சனம், வெள்ளைக்காரனை எதுக்கணும்னு ஜப்பான்காரன் பக்கம் சேந்திருந்துச்சுல்ல, அதுல ஒருத்தன். எந்த ஊருப்பான்னு கொரல் குடுத்தேன். நமக்கு அறந்தாங்கிப் பக்கம்னான். நமக்குன்னான்ப்பா. நீங்க எங்கிட்டுன்னான். புதுக்கோட்டைன்னேன். மழை பெஞ்சிச்சாண்ணே ஊருலன்னு கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? பெஞ்சிச்சுப்பா, கண்மாய் நெறைஞ்சிருச்சுன்னு சொன்னேன்."

காலடி மணலை ஒரு பிடி அள்ளிக் கீழே விட்டார்.

"பனி வெலகிச்சு. சுடுன்னு ஆர்டர் வந்துச்சு. சுட்டேன். அங்கிட்டு அப்பறம் கொரலே இல்லை. என் குண்டா, வேற ஆள் குண்டா, தெரியாது. அவனுக்கு ஊருல யாரு தீட்டுக் காத்தாகளோ, அதுவும் தெரியாது. நான் காத்தேன். ஆத்துல முங்கி, தலையை எடுத்துக்கிட்டு. ஆபீசர் எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு டாக்டர்கிட்ட அனுப்பினாரு."

நாக்கு கெட்டுப்போன ஆள் என்று ஊர் சொன்னதை நினைத்தேன். எனக்கு ஊர் மேலேயே கோபம் வந்தது. என்னையும் சேர்த்துத்தான்.

"கெளம்புப்பா, நாம ஊருக்குப் போவோம்" என்று எழுந்தார்.

"மேலத்தெரு என்னைய விடுமா சித்தப்பா?"

"விடாது. அதுக்குத்தான் நானும் கூட வாரேன்."

திரும்பி வந்தபோது பஸ்ஸை வேலமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். அண்ணனை மேலத்தெரு வழியாகவே நடத்திக்கொண்டு போனார். தம்பி வீட்டுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி, அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொள்கிற வரை தெருமுனையில் நின்றார். அதற்குள் கம்போடு ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"என்னப்பா, நாம அடிச்சது பத்தலையா?" என்றார் சித்தப்பா.

"நாம எங்க அடிச்சோம்? அவன்ல அடிச்சான்!" என்று ஒரு பெரியவர் கத்தினார்.

"கம்பு அவன் கையில இருந்துச்சு, அடி என் தம்பிக்கு விழுந்துச்சு. அதை நான் இல்லைங்கலை. ஆனா அன்னைக்குக் கம்பெடுக்காம நின்னது யாரு, சொல்லுங்க? நான் இருந்திருந்தா நானும் எடுத்திருப்பேன். அவனை அடிக்கணும்னா நம்ம எல்லாரையும்தான் அடிச்சாகணும். யாரு அடிக்கிறது?"

கம்புகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. வழி விட்டார்கள். கீழத்தெரு எல்லையைத் தொடும்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "தம்பி ரத்தத்தை ஓட்டுக்கு வித்துட்டான்டா!"

சித்தப்பா நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. எந்தக் கூச்சலுக்கும் அசையாத மனுஷனுக்கு அந்த வார்த்தை தைத்துவிட்டது என்பதைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தான். எங்கள் வீட்டு வாசலில் அம்மா ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டபோது அவர் அங்கே இல்லை, போய்விட்டிருந்தார்.

அதற்குப் பிறகு தேர்தல் நாள் வரை அண்ணன் வீட்டைவிட்டு நகரவில்லை. மேலத்தெருவில் அந்த ஒரே பேச்சுத்தான் ஓடியது. ஓட்டுக்காகத்தான் கொண்டுவந்தான், கொலைகாரன் அவனுக்குக் கையைத் தூக்கட்டும், அப்போது தெரியும் என்று. அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்கும் வந்தது, தம்பி பெண்சாதி காதுக்கும் போயிருக்கும். நான் மட்டும் சித்தப்பா ஜெயிக்க வேண்டும் என்று கிடந்து துடித்தேன். கீழத்தெருவில் நாலைந்து கை அவருக்கு விழுந்தால் போதும், கரையேறிவிடுவார். பெரியப்பாவான அம்பலம் என்னை முறைத்த முறைப்பில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

தேர்தலன்று காலையில் அண்ணன் குளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் அவருக்குக் கை தூக்கப் போறதில்லைடா" என்றான்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "மனுசனா நீ? அவரு இல்லாட்டி நீ இன்னைக்கு இந்த வீட்டுல ஒக்காந்திருப்பியா?"

"அதனாலதான்டா. நான் அவருக்குத் தூக்குனா, அவரு தம்பியை வித்துட்டாருன்னு ஆயிரும். தாலியறுத்த அந்தப் புள்ள காலத்துக்கும் அப்படித்தான் நெனைக்கும். நான் தூக்கலைன்னா, நான் நன்றி கெட்டவன், அம்புட்டுத்தானே? ஏற்கெனவே கொலைகாரன். அதோட இதையும் வச்சுக்கிறேன்."

எழுந்து அவனோடு நடந்தேன்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. மேலத்தெரு ஒரு பக்கம், கீழத்தெரு ஒரு பக்கம். நடுவில் நாற்காலி போட்டுச் சர்க்கார் ஆள். பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். தம்பி பெண்சாதியும் வந்திருந்தாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆட்களுக்குப் பின்னால் நின்றாள். சித்தப்பா எந்தத் தெருப் பக்கமும் நிற்காமல் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

முதலில் பட்டாளத்தார் பெயரைச் சொன்னார்கள். மேலத்தெருவில் கைகள் எழுந்தன. எல்லாக் கையும் இல்லை. கீழத்தெருவில் நான் தூக்கினேன், இன்னும் இரண்டு மூன்று பேர் அம்பலத்தைப் பார்க்காமல் தூக்கினார்கள். அண்ணன் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றான். மேலத்தெருவே அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்து அம்பலம் பெயர். கீழத்தெருவில் மளமளவென்று கைகள். அண்ணன் அக்குளிலிருந்து வலது கையை உருவி, நெட்டுக்குத்தலாகத் தூக்கினான். அவன் கண்ணை மூடியிருந்தான். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. மேலத்தெருவில் சலசலப்பு எழுந்து அடங்கியது. நாலைந்து கை வித்தியாசத்தில் அம்பலம் ஜெயித்துவிட்டார் என்று சர்க்கார் ஆள் சொன்னார். மேளம் அடித்தார்கள். மாலையைத் தேடி ஓடினார்கள்.

"பாத்தீகளா? உசுரோட கொண்டாந்தீகளே, அவன் கையை எங்கிட்டுத் தூக்குனான்னு பாத்தீகளா?" என்று மேலத்தெருவில் ஒருவன் கேட்டான். ஓட்டுக்கு விற்றான் என்று அன்றைக்குக் கத்தியவனே அவன்தான்.

எண்ணி முடித்து எல்லாரும் கையை இறக்கியிருந்தார்கள். அண்ணன் மட்டும் இறக்கவில்லை. மேளச் சத்தம்கூட அவன் காதில் விழவில்லை போல. கண் மூடியிருக்க, கை தலைக்கு மேலேயே நின்றது. சித்தப்பா நாற்காலியைச் சுற்றிக்கொண்டு கீழத்தெருப் பக்கம் வந்தார். கட்டுமாவடியிலிருந்து வந்த வழி முழுக்க, ஒரே வண்டியில், ஒரே பஸ்ஸில் வந்தும் அவர் அண்ணன் மேல் ஒரு விரலைக்கூட வைத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பியை அடித்த கை அதுதானே, எப்படித் தொடுவார்?

அண்ணன் முன்னால் வந்து நின்றார். ஒரு நிமிஷம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு மணிக்கட்டைப் பிடித்தார்.

"எண்ணியாச்சுப்பா, எறக்கு" என்றார்.

கையை இறக்கிவிட்டார். இறக்கிய பிறகும் அவர் அதை விடவில்லை.